துண்டும் பங்குத் தாளும்

வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பின், கடையின் பழைய கணக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை எனக்கு வந்தது. கொட்டகலைக் கடைவீதியில் இருந்த எங்கள் சாமான் கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. பெட்டிக்குள் கடன் கொப்பிகள் இருந்தன. அவற்றின் அடியில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பங்குச் சான்றிதழ்கள் 11 இருந்தன. ஒவ்வொன்றோடும் ஓர் உரிமைமாற்றப் படிவம் குண்டூசியால் குத்தியிருந்தது. விற்பவருக்கான இடத்தில் கையொப்பம், இல்லையென்றால் பெருவிரல் அடையாளம். வாங்குபவர் பெயர், விலை, திகதி மூன்றும் வெற்று. விற்பவரின் பெயரை ஆங்கில எழுத்தில் நிரப்பியிருந்த கை என்னுடையது. அப்போது எனக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும்.

அந்தத் தாள்கள் எப்படி எங்கள் பெட்டிக்கு வந்தன, இப்போது அவை யாருடையவை என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை. கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. தவறு கம்பனியுடையது அல்ல, கடையுடையது. ஆனால் கடையின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் நூற்றைம்பது வருஷம் பின்னுக்குப் போக வேண்டியிருக்கிறது. மலையகத்தில் தாள் கைமாறுவது 1990களில் தொடங்கிய சங்கதி அல்ல.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப் பேர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம். எவ்வளவு கொழுந்து பறித்திருந்தாலும் புத்தகத்தில் விழாத பேருக்குக் காசு இல்லை. கம்பனிச் சட்டமும் ஏறக்குறைய அதே மாதிரித்தான். பங்குக்குச் சொந்தக்காரர் யார் என்பதைக் கம்பனியின் உறுப்பினர் பதிவேடு சொல்கிறது. கையிலிருக்கும் சான்றிதழ் அந்தப் பதிவுக்கு ஒரு சாட்சி மட்டும். தாள் உங்கள் கையில் இருக்கலாம், பேர் இன்னொருவருடையதாக இருக்கலாம். பங்கு வியாபாரத்தில் வரும் வழக்குகளில் பெரும்பங்கு இந்த இடைவெளியில் பிறப்பவை.

கம்பனி முதன்முதலாகப் பங்கை வெளியிடும்போது காசு கம்பனிக்குப் போகிறது. அதன் பிறகு பங்குக்காரர் இன்னொருவருக்கு விற்றால் கம்பனிக்குச் சல்லிக் காசு வராது. இதைத்தான் இரண்டாம் நிலைச் சந்தை என்கிறார்கள். நான் இரண்டாம் கை வியாபாரம் என்றே சொல்கிறேன், விளங்கச் சுலபம். பங்குப் பரிவர்த்தனை நிலையத்தில் பட்டியலிட்ட கம்பனி என்றால் அன்றைய விலை எல்லோருக்கும் தெரியும், நடுவில் அனுமதி பெற்ற தரகர் இருப்பார், மேலே ஆணைக்குழு இருக்கும். பட்டியலிடாத கம்பனிப் பங்குக்கு இவை ஒன்றும் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்ததுதான் விலை.

இலங்கையில் கம்பனி என்ற சட்ட உருவம் 1861ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கூட்டுப்பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டத்தோடு காலூன்றியது. அது கோப்பிக் காலம். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது, அடுத்த இருபது வருஷத்தில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1885இல் நானுஓயா வரை ரயில் பாதை திறந்தபோது கொட்டகலை மலைகளிலிருந்து தேயிலைப் பெட்டி கொழும்புக்குப் போவது சுலபமாயிற்று. தேயிலைக்குத் தொழிற்சாலை வேண்டும், இயந்திரம் வேண்டும். ஒரு துரையின் தனிக் காசு போதாது. தனித் துரைமாரின் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. லண்டனில் பதிந்தவை ஸ்டெர்லிங் கம்பனி, கொழும்பில் பதிந்தவை ரூபாய்க் கம்பனி. அந்தப் பங்குகளை வாங்கி விற்பதற்காகவே 1896இல் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் உருவானது. இன்றைய கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை நிலையத்தின் கொடிவழி அங்கிருந்துதான் வருகிறது. இந்த நாட்டின் பங்குச் சந்தை கொழும்புத் துறைமுகத்தில் பிறக்கவில்லை, நம்முடைய தேயிலை மலையில் பிறந்தது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் பொய் இல்லை.

பங்கு விற்பனையில் ஒரு சூட்சுமம் உண்டு. தோட்டத்தை விற்றால் உறுதி எழுத வேண்டும், காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும், ஊருக்கே தெரிந்துவிடும். தோட்டத்தை வைத்திருக்கும் கம்பனியின் பங்கை விற்றால் காணி கைமாறாது. உறுதியில் அதே கம்பனிப் பெயர்தான் இருக்கும். மலையில் அதே துரை, அதே கங்காணி, அதே லயம். கொழும்பிலோ லண்டனிலோ ஒரு மேசைக்கு மேல் சொந்தக்காரர் மாறிவிட்டார் என்பது கொழுந்து பறிக்கிற ஆளுக்குத் தெரியவே வராது. சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் பழக்கம் வந்தபோது அரசாங்கம் 1958இல் தேயிலை, ரப்பர்த் தோட்டங்கள் பிரிக்கப்படுவதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது காணியைப் பிரிப்பதைப் பற்றிய சட்டம். பங்கு கைமாறுவது அதன் கண்ணில் படாது.

இதே காலத்தில் தொழிலாளியின் பேர் எழுதிய ஒரு தாளும் கைமாறிக்கொண்டிருந்தது. அதுதான் துண்டு. இன்றைய பிள்ளைகளுக்குத் துண்டு என்றால் தோளில் போடுவது. பழைய தோட்டத்தில் துண்டு என்பது துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்ன கங்காணியும் அவனுடைய ஆட்களும் இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு ரூபாய் கடன், அதைக் கட்டினால் அவர்களை விடுவிப்பேன் என்பது அதன் சாரம். கங்காணி அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். ஆள் தேவைப்பட்ட துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். கட்டிய காசு மறுபடி ஆட்களின் தலையில் கடனாக ஏறும், அதற்கு மேல் கங்காணியின் முற்பணமும் சேரும். அடுத்த தோட்டத்தில் அதைவிடப் பெரிய துண்டு. தாயகத்திலிருந்து கடலைத் தாண்டி வரும்போது ஏறிய கடன் இங்கே வந்து இறங்கவே இல்லை.

இதைக் கடன் என்று மட்டும் வாசித்தால் போதாது என்பது என் எண்ணம். துண்டு ஒரு இரண்டாம் கை வியாபாரம். ஒருவர் மேல் இருந்த உரிமைக் கோரிக்கை விலைக்குக் கைமாறியது. சந்தை விலை இருந்தது. ஆள் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறியது. விலை ஏற ஏறத் துரைமாரே சலித்துப்போனார்கள். ஒருவர் ஆளை மற்றவர் இழுக்கிறார் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்தவென்று 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணைக்குழு ஒன்று அமைந்தது. கடைசியில் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அந்த வியாபாரத்தில் விற்றவர், வாங்கியவர், நடுவில் நின்றவர் எல்லாருடைய கையொப்பமும் இருந்தது. விலை பேசப்பட்டவரிடம் மட்டும் யாரும் கையொப்பம் கேட்கவில்லை.

பிறகு நடந்தவை நம் வாசகர்கள் அறிந்தவை, வேகமாகக் கடக்கிறேன். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1975இன் திருத்தம்தான் கம்பனித் தோட்டங்களைத் தொட்டது. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்று இரண்டு நிறுவனங்கள் அவற்றை நடத்தின. தேயிலைத் தோட்டத்துப் பங்கு என்று ஒன்று கொழும்புச் சந்தையில் ஏறக்குறைய இல்லாமலே போனது. நட்டம் குவிந்தது. 1992 ஜூனில் 400க்கும் மேற்பட்ட தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலையின் பெயரையே தாங்கிய கம்பனியும் அவற்றில் ஒன்று. இதற்குப் பயன்பட்டது அரச கூட்டுத்தாபனங்களைப் பகிரங்கக் கம்பனிகளாக மாற்றும் 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம். காணி அரசுடையதாகவே இருந்தது. கம்பனிகளுக்குக் கிடைத்தது 2045 வரையான குத்தகை.

முதலில் முகாமைத்துவத்தை மட்டும் தனியாரிடம் கொடுத்தார்கள். 1995க்குப் பிறகு பங்குகளையும் விற்றார்கள். முகாமை செய்த நிறுவனத்துக்கு 51 வீதம். பொதுமக்களுக்குப் பங்குச் சந்தை வழியாக ஒரு பகுதி. ஊழியர்களுக்கு இலவசமாக 10 வீதம். அதோடு பொற்பங்கு என்று ஒரேயொரு பங்கு. அதைத் திறைசேரிச் செயலாளர் தம் பதவியின் பேரில் வைத்திருக்கிறார். காணியை உபகுத்தகைக்குக் கொடுக்க அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பங்கு சந்தைக்கு வராது.

அரசு தன் ஒரு பங்கை யாருக்கும் விற்க முடியாதபடி கட்டி வைத்துக்கொண்டது. தொழிலாளிக்குக் கொடுத்த பங்குக்கு அப்படி ஒரு காப்பும் வைக்கவில்லை. இது வேண்டுமென்று செய்த வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். விற்க முடியாத சொத்து சொத்தே அல்ல என்று வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் விற்கத் தெரிவதற்கு முதல் வைத்திருக்கத் தெரிய வேண்டாமா?

கணக்கைப் பாருங்கள். ஒரு கம்பனிக்கு 10 ரூபாய் முகப்பெறுமதியில் 2 கோடிப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 வீதம் 20 இலட்சம் பங்கு. ஊழியர் 15,000 பேர் என்றால் ஆளுக்கு நூற்று முப்பது சொச்சம். தொகை சிறிதுதான். ஆனால் துண்டுக் காலத்துக்குப் பிறகு தோட்டத்துச் சொத்து பற்றிய ஒரு தாளில் தொழிலாளியின் பேர் வந்தது, அதுவும் கடன்காரராக அல்ல, சொந்தக்காரராக. அந்தத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

எங்கள் கடைக்கு அது எப்படி வந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம். முதலில் வாசித்துக் காட்டத்தான் கொண்டுவந்தார்கள். "தம்பி, இது என்னா கடுதாசி, பாத்துச் சொல்லுங்க" என்று மேற்பிரிவில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா கவுண்டர் மேல் வைத்தார். கம்பனியில் உங்களுக்குப் பங்கு கிடைத்திருக்கிறது என்றேன். "அப்ப லயத்த எழுதிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். இல்லை, அது வேறு என்றேன். வேறு என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் ஹட்டன் பக்கமிருந்து ஆட்கள் வந்து தாளை வாங்குகிறார்கள் என்று கதை வந்தது. விலை ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. தீபாவளி நெருங்கியபோது கடன் கொப்பி நிறைந்திருந்தது. வாப்பா வட்டி வாங்கமாட்டார், அதில் கண்டிப்பு. ஆனால் ஏதாவது ஒரு பிடி இல்லாமல் மேலும் சாமான் கொடுக்கவும் தயக்கம். "அண்ணே, அந்தக் கம்பனித் தாளக் கொண்டாந்து வைங்க, பொறகு பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. உரிமைமாற்றப் படிவத்தை யாரோ கட்டாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். பேர் எழுதும் வேலை எனக்கு.

இப்படி வாங்குபவர் பேர் இல்லாமல் கையொப்பம் வாங்கி வைப்பதை வெற்றுக் கைமாற்றம் என்பார்கள். கொழும்பு, லண்டன், பம்பாய் எல்லாச் சந்தையிலும் பழைய வழக்கம்தான். வசதி என்னவென்றால், அந்தத் தாளும் படிவமும் சேர்ந்து ரூபாய் நோட்டு மாதிரி கைக்குக் கை போகலாம், கடைசியாக யார் பதிய நினைக்கிறாரோ அவர் தன் பேரை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவர் பதியும் வரை கம்பனிக்குத் தெரிந்த சொந்தக்காரர் பழையவரே. பங்கிலாபம் அவருக்கே வரும், கூட்டத்துக்கான அறிவித்தலும் அவருக்கே. நடுவில் யாராவது படிவத்தைக் களவெடுத்தாலோ பொய்க் கையொப்பம் போட்டாலோ வாங்கியவருக்கு உரிமை கிடையாது. இல்லாத உரிமையை யாரும் மாற்ற முடியாது.

அந்த நேரத்தில் நடப்பில் இருந்தது 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். முறையான உரிமைமாற்றப் பத்திரம் கையளிக்கப்படாமல் கம்பனி பெயரை மாற்றக்கூடாது என்பது அதன் விதி. இப்போதுள்ள 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் முகப்பெறுமதியை ஒழித்தது, வேறு பல மாற்றங்களும் செய்தது. ஆனால் உரிமை பதிவேட்டில் பதிவதால்தான் மாறுகிறது என்ற அடிப்படை மாறவில்லை. யாருக்காக யார் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறார் என்ற குறிப்பையும் பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள். 'இது ஈடு, விற்பனை அல்ல' என்று கம்பனியிடம் போய்ச் சொல்லிப் பயனில்லை. அது இரண்டு பேருக்கும் இடையில் நீதிமன்றம் தீர்க்க வேண்டிய சங்கதி.

கம்பனி பட்டியலிட்ட பிறகு இன்னொரு கதவு சாத்தியது. 1991இல் தொடங்கிய மத்திய வைப்புத் திட்டத்தின்படி, சந்தையில் விற்க வேண்டுமென்றால் பதிந்த சொந்தக்காரர் தன் பேரில் கணக்குத் திறந்து, சான்றிதழை அங்கே வைப்பிலிட்டு, அனுமதி பெற்ற தரகர் வழியாக விற்க வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும், அட்டையிலும் சான்றிதழிலும் ஒரே பேர் இருக்க வேண்டும். செக்ரோலில் ஒரு பேர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பேர் என்றிருந்த, அட்டையே இல்லாதவர்கள் நிறைய இருந்த தோட்டத்தில் அது லேசான காரியமா? சட்டப்படியான வழி நீளமாக இருந்தபடியால்தான் கடைவீதி வழி குறுக்காக இருந்தது. வாப்பாவின் தாள்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெரிய கையாக இருந்தவர்கள் ஆட்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போயோ வேறு வழியிலோ பதிந்து முடித்திருப்பார்கள். சாமான் கடைக்காரருக்கு அதற்கு நேரமில்லை.

சரி, அந்த 11 தாள் யாருடையவை? இதைக் கொழும்பில் சட்டத்தரணியாக இருக்கும் என் நண்பனிடம் கேட்டேன். கடன் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டான். தேடிப் பார்த்தேன். 9 பேரின் கணக்குக்குப் பக்கத்தில் வாப்பா 'ஈடு' என்று எழுதியிருந்தார். 2 பேரின் கணக்கில் 'கிரயம்' என்று எழுதி, 750 ரூபாய் கழித்திருந்தார்.

ஈடு என்ற அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றுகிறது. தவணைக்குள் கட்டாவிட்டால் ஈட்டுப் பொருள் தானாகவே கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகிவிடும் என்ற உடன்பாட்டை நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் ஏற்பதில்லை. படிவத்தில் கையொப்பம் இருந்தாலும் அது காப்புக்காக இட்ட கையொப்பம்தான். கடைச் சாமான் கடனோ, 1871இன் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி ஒரு வருஷத்தில் வழக்குப் போடும் தகுதியை இழக்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் வாப்பாவின் கடன் அடுத்த தீபாவளியோடு செத்துப்போயிற்று.

ஷரீஅத்தின் பாதை வேறு, ஆனால் வந்து சேரும் இடம் ஒன்று. காலம் போனதால் கடன் கரைவதில்லை. அதே நேரம் அடகு வைத்த பொருள் அடகு பிடித்தவருக்கு முழுகிப்போவதும் இல்லை. அறியாமைக் காலத்து அந்த வழக்கத்தை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது. பொருளின் இலாபம் சொந்தக்காரருக்கே. எங்கள் விஷயத்தில் பதிவேட்டில் பேர் மாறாததால் பங்கிலாபம் ஏதும் வந்திருந்தால் அது தோட்டத்து முகவரிக்கே போயிருக்கும். எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அது.

பங்கு என்ற இந்த நவீனச் சொத்தை ஃபிக்ஹ் எப்படிப் பார்க்கிறது என்று தேடியபோது ஒரு திகதி என் கண்ணில் பட்டது. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகடமி ஜித்தாவில் கூடி 63ஆம் தீர்மானத்தை எடுத்தது 1992 மே மாதம். அடுத்த மாதம் இங்கே 22 கம்பனிகள் பிறந்தன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் நமக்குத் தேவையான பதில் நமக்குத் தெரியாமலே தயாராக இருந்தது. பங்கு விற்பனையில் விற்கப்படுவது கம்பனியின் சொத்துகளில் உள்ள பிரிக்கப்படாத ஒரு பாகம், சான்றிதழ் அந்த உரிமைக்கான ஆவணம் என்பது அந்தத் தீர்மானத்தின் நிலை. பங்கை விற்கலாம், அடகும் வைக்கலாம், கம்பனியின் அமைப்பு விதிகளைக் கவனித்துச் செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. பழைய பங்குக்காரர்களுக்கு வாங்குவதில் முன்னுரிமை என்று அமைப்பு விதி சொன்னால் அதுவும் செல்லும்.

இந்தக் கடைசி விஷயத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் கல்முனையிலும் நம் குடும்ப வியாபாரங்கள் எத்தனையோ தனியார் கம்பனிகளாகப் பதிந்திருக்கின்றன. தனியார் கம்பனியில் பங்குக்காரர் தொகை 50க்கு மேல் போகக்கூடாது, பொதுமக்களிடம் பங்கை விற்பனைக்கு விடக்கூடாது. பல கம்பனிகளின் அமைப்பு விதியில், வெளியாளுக்கு விற்க முதல் கூடப் பங்குக்காரரிடம் கேட்க வேண்டும் என்றிருக்கும். நம் ஷாபிஈ மத்ஹபில் ஷுஃப்ஆ என்னும் முன்னுரிமை காணி போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும். அதனால் கம்பனிப் பங்கில் முன்னுரிமை ஷரீஅத் தானாகக் கொடுப்பது அல்ல, உடன்பாட்டால் வருவது. வாப்பா மௌத்தானதும் ஒரு மகன் தன் பாகத்தை மச்சானுக்குக் கைக்கடுதாசியில் எழுதிக்கொடுத்து, பதிவேட்டைத் தொடாமலே விட்டு, பத்து வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் பள்ளியில் சாலாமும் சொல்லாமல் போகிற குடும்பங்கள் எனக்கே இரண்டு தெரியும். தோட்டத்து அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. இவர்களுக்கு என்ன குறை?

'கிரயம்' என்று எழுதிய 2 தாள்தான் என்னைத் தூங்கவிடாதவை. ரோமன் டச்சுச் சட்டத்தில், நியாய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றவர் வியாபாரத்தை முறிக்கக் கேட்கலாம் என்ற பழைய கோட்பாடு உண்டு. ஷாபிஈ மத்ஹபில் ஏமாற்று இல்லாத வெறும் விலைக்குறைவு விற்பனையை முறிக்காது. அப்படியானால் இரண்டு பக்கமும் மனம் ஒத்துச் செய்த வியாபாரம் என்று விட்டுவிடலாமா? மனம் ஒத்தது எதற்கு? விற்ற பொருள் என்னவென்று விற்றவருக்குத் தெரியாது, வாங்கிய வாப்பாவுக்கும் அரைகுறை. விற்கும் பொருளைப் பற்றிய அறியாமை வியாபாரத்தைக் கெடுக்கும் என்பதில் மத்ஹபில் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் பள்ளி மௌலவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நிறைய நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பகராவின் 280ஆம் ஆயத்தை ஓதிவிட்டு, கடனையும் விட்டுவிடுங்கள், தாளையும் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்.

போனேன். 9இல் 6 குடும்பங்களைக் கண்டுபிடித்தேன். 3 குடும்பம் எங்கே போனதென்று லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆறில் ஒருவர் மட்டும்தான் உயிரோடு இருக்கிறார், லயத்தை எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்ட அந்த அம்மா. மற்ற ஐந்தும் மௌத்தானவர்களின் பேரில். அவர்களின் வாரிசுகள் முதலில் தங்கள் உரிமையை நிரூபித்தாக வேண்டும். பொதுச் சட்டத்தில் உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி துணைக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. நூற்று முப்பது பங்கை அப்படிப் பிரிக்கச் செலவாகும் காசு பங்கின் பெறுமதியைவிடக் கூடிவிடுமோ என்ற பயமும் உண்டு. பெருந்தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் 1 முதல் 1000 பங்கு வரை வைத்திருப்போர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், எல்லாரையும் சேர்த்தாலும் கம்பனியில் சிறு வீதம்தான். அந்த வரிசையில் எத்தனை பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்களோ.

கிரயத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனபோது, விற்றவரின் பேரன் கதவடியில் நின்றான். ஒரு காலத்தில் என் மாணவன், இப்போது ஹட்டனில் தொலைபேசிக் கடை வைத்திருக்கிறான். முழுவதையும் கேட்டுவிட்டு, "வித்தது வித்ததுதான் சேர். எங்க தாத்தா ஏமாந்துட்டாருன்னு சொல்லவா வந்தீங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தான், குடித்தேன். எழுந்தபோது, "வச்சிட்டுப் போங்க, பாட்டிக்கிட்ட கேக்கிறேன்" என்றான்.

அம்மாவின் தாளிலும் சிக்கல் ஒன்று இருக்கிறது. சான்றிதழில் அவர் பேர் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம். அன்றைக்கு நான் படிவத்தில் எழுதியது மூன்றாவது விதம், ஓர் எழுத்தைக் கூட்டி எழுதியிருக்கிறேன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும் என்றான் என் நண்பன். வருகிற சனிக்கிழமை அவரைத் தலவாக்கலைக்குக் கூட்டிப்போகிறேன்.